போல்ட் உட்கார்ந்தால் போதுமா?

பழைய கார் பிரியர்களிடையே ஒரு வாதம் செல்வாக்குப் பெற்று வருகிறது. கிளாசிக் காரில் எலெக்ட்ரிக் மோட்டார் வைத்த ஸ்டீயரிங்கை மாட்டினால் அது கலப்படமாம். அதே மாடலின் வேறொரு எஞ்சின் வகையிலிருந்து பம்ப்பையும் பாக்ஸையும் கழற்றி மாட்டினால் அது அசலாம். கம்பெனி ஒன்று, பாடி ஒன்று, போல்ட் துளையும் ஒன்று. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்கிறார்கள். மெர்சிடிஸ் டபிள்யூ 123-ஐக் காட்டித்தான் இதைப் பெரும்பாலும் சொல்கிறார்கள். அந்த வண்டியை வைத்தே பேசிவிடலாம்.

1976 முதல் 1986 தொடக்கம் வரை கிட்டத்தட்ட 27 லட்சம் வண்டிகள். ஒரே உடம்புக்குள் 55 குதிரைத்திறன் 200 டி டீசலும் இருந்தது, 185 குதிரைத்திறன் 280 இ பெட்ரோலும் இருந்தது. பவர் ஸ்டீயரிங் எல்லா வகைக்கும் பொதுவாக வந்தது 1982 செப்டம்பரில்தான். அதற்கு முன் சிறிய எஞ்சின் வண்டிகளில் அது தனியே காசு கொடுத்து வாங்கும் வசதி. ஆகவே 1979-இல் வந்த ஒரு 240 டி-யின் சொந்தக்காரர், தோள்பட்டை வலியோடு, பவர் ஸ்டீயரிங் வேண்டும் என்று ஆசைப்படுவதில் குற்றமில்லை. கம்பெனியே விற்ற வசதிதானே. புது சாமான் விலையைக் கேட்டால் தலை சுற்றும். உடைக்கப் போட்ட வண்டியின் சாமான் கைக்கு அடக்கம். ஸ்டீயரிங் பாக்ஸ் எல்லா வகைக்கும் ஒன்றேதான் என்பதையும் வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். இதெல்லாம் சரி.

சிக்கல் பம்ப்பில் இருக்கிறது.

பவர் ஸ்டீயரிங் பம்ப் தனியாக ஓடும் பொருளா? எஞ்சின் சுற்றினால்தான் அது சுற்றும். எவ்வளவு வேகத்தில் என்பதை எஞ்சினின் புல்லியும் பம்ப்பின் புல்லியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒரு சுற்றுக்கு இவ்வளவு ஆயில் என்ற கணக்கில் அது தள்ளும். அந்த ஆயிலின் அழுத்தம் கைக்கு எவ்வளவு பலம் சேர்க்கலாம் என்பதையும், ஓட்டத்தின் அளவு எவ்வளவு வேகமாகச் சக்கரத்தைத் திருப்பலாம் என்பதையும் முடிவு செய்கின்றன. மாற்று வேலைக்காரர்கள் பேசுவது எப்போதும் முதலாவதைப் பற்றி. வண்டியைக் கவிழ்க்கக்கூடியது இரண்டாவது.

280 இ தன் முழுத் திறனை 5,800 சுற்றில் தருகிறது. 240 டி 4,400 சுற்றிலேயே கொடுத்து முடித்துவிடுகிறது. உயரச் சுற்றும் எஞ்சினில் பம்ப் அளவுக்கு மீறிச் சுழன்று ஆயிலை நுரையாக்கிவிடக் கூடாது. தாழச் சுற்றும் எஞ்சினில், ஐடிலில் நிற்கும்போதும் போதிய ஆயில் வர வேண்டும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் நிறுத்தித்தான் பம்ப்பின் கொள்ளளவும் புல்லியின் விட்டமும் ஜோடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஜோடியைப் பிரித்து, பெட்ரோல் வண்டியின் பம்ப்பை டீசல் வண்டியில் இருந்த ஏதோ ஒரு புல்லியோடு சேர்த்து, லேத்தில் கடைந்த பிராக்கெட்டில் தொங்கவிட்டால் கிடைப்பது மூன்றாவது ஒரு அமைப்பு. அதை யாரும் வடிவமைக்கவில்லை, யாரும் சோதிக்கவும் இல்லை. ஆனாலும் மூன்று முனை நட்சத்திரத்தின் நிழலில் நின்றுகொண்டு அதை அசல் என்கிறோம்.

சோதித்தோமே என்பார்கள். எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். முன்பக்கம் ஜாக்கி போட்டு, இரண்டு சக்கரமும் அந்தரத்தில் இருக்க, ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கைச் சுற்றிக் காட்டுவார்கள். ‘வெண்ணெய் மாதிரி இருக்கு சார்.’ தரையில் படாத சக்கரம் வேறெப்படி இருக்கும்? பிறகு விடியற்காலையில், காலியான நேர்ச்சாலையில் ஓர் ஓட்டம். ஸ்டீயரிங்குக்கு உதவியே தேவைப்படாத நிலை அது.

உதவி தேவைப்படும் நேரம் வேறு. மலை இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவு. கிளட்ச்சை மிதித்தாயிற்று, எஞ்சின் ஐடிலுக்கு வந்துவிட்டது. எதிரே பேருந்து. சட்டென்று வளைக்க வேண்டும். பம்ப்பின் ஓட்டம் கையின் வேகத்துக்கு ஈடு கொடுக்காவிட்டால், பாதித் திருப்பத்தில் ஸ்டீயரிங் கல்லாக இறுகும். உதவியே இல்லாத ஸ்டீயரிங்கைவிட இது மோசம். அந்த ஸ்டீயரிங் முதலிலிருந்தே கனமாக இருப்பதால் ஓட்டுபவர் தோளைத் தயாராக வைத்திருப்பார். இதுவோ பாதி வழிவரை பூப்போல வந்துவிட்டுக் கைவிடுகிறது. நேர்மாறான தவறும் உண்டு. தாழச் சுற்றும் எஞ்சினுக்கான புல்லியோடு பம்ப்பை உயரச் சுற்றும் எஞ்சினில் மாட்டினால், தேவைக்கு மிஞ்சிய ஆயில் உள்ளேயே வால்வு வழியாகச் சுற்றிச் சுற்றிச் சூடாகும், நுரைக்கும், கடைசியில் தண்டின் சீல் கசியும். பம்ப்பின் ஆயில் டப்பாவுக்குள் ஒரு ஃபில்டர் இருப்பதே பலருக்குத் தெரியாது. உடைந்த வண்டியோடு வந்த அழுக்கு ஃபில்டர் அப்படியே புது வீட்டுக்குக் குடிவருகிறது.

வலப்புற ஸ்டீயரிங் ஓடும் இந்தியாவிலும் இலங்கையிலும் இன்னொரு சிக்கல் சேர்கிறது. டபிள்யூ 123 டீசல்களில் பம்ப் எஞ்சினுக்கு இடப்புறம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வலப்புறம். இடப்புற ஸ்டீயரிங் வண்டியில் பம்ப்பும் பாக்ஸும் ஒரே பக்கம் இருப்பதால் ஹோஸ் குட்டையாக, சூட்டிலிருந்து விலகியே ஓடும். நம் வண்டியில் பாக்ஸ் வலப்புறம், அதாவது சூட்டின் பக்கத்து வீட்டில். ஐரோப்பாவில் உடைத்த வண்டியிலிருந்து பம்ப்பைத் தருவித்தவருக்கு அதன் ஹோஸ் எட்டாது. உடனே ஹோஸ் கடைக்குப் போய், பழைய முனைகளை வெட்டி, நீளமான ரப்பரில் கிரிம்ப் செய்து கொண்டுவருவார். முழு லாக்கில் இந்த ஹோஸுக்குள் 70, 80 பார் அழுத்தம் ஏறும்; சில பம்ப்புகளில் 100 பாரையும் தாண்டும். டயருக்குள் இருப்பது வெறும் 2 பார். அந்த இணைப்பு விட்டால் ஆயில் பீய்ச்சி அடிக்கும் இடம் பழுக்கச் சூடான வார்ப்பிரும்பு. தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? இதைக் கைவினை என்று புகழ்கிறார்கள். எனக்குக் கைவரிசை என்றுதான் சொல்ல வருகிறது.

எல்லா மெக்கானிக்கும் இப்படி இல்லை. பம்ப்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் பிரஷர் கேஜ் மாட்டி, ஆயில் சூடேறிய பிறகு ஐடிலில் முழு லாக் வரை திருப்பிப் பார்த்துக் குறித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த மாற்று வேலையைப் பாராட்டி எழுதப்படுபவற்றில் அந்தக் கேஜை நான் பார்த்ததில்லை. புது பெயிண்ட் அடித்த பிராக்கெட்டின் படம் மட்டும் தவறாமல் இருக்கிறது.

இத்தனை பாடும் எதற்காக? ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்பதற்காக. ஏன் கனத்தது என்று முதலில் கேட்க வேண்டாமா? டபிள்யூ 123 டீசல் 14 அங்குல ரிம்மில் 175 மில்லிமீட்டர் அகல டயரோடு வெளிவந்த வண்டி. 195 போட்டுக்கொண்டு வந்தது 280 இ. இன்று கண்காட்சியில் நிற்கும் 240 டி-களைக் குனிந்து பாருங்கள். பலவற்றில் 205, 215, பெரிய அலாய் வீல். காலில் நடிகரின் பூட்ஸை மாட்டிவிட்டுக் கை வலிக்கிறது என்றால், மருந்து பம்ப்பில் இல்லை. போதாக்குறைக்கு, ப்ளே இருக்கிறது என்று பாக்ஸின் தலையிலுள்ள அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குரூவை யாரோ ஒரு திருகு அதிகமாக முறுக்கியிருப்பார். வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. தேய்ந்தது பால் ஜாயிண்ட்டாக இருந்திருக்கும்.

பழைய அளவு டயர், கையேடு சொல்லும் காற்று, நல்ல பால் ஜாயிண்ட், சரியான அலைன்மென்ட். இவ்வளவும் செய்த பிறகும் கனத்தால், 240 டி-க்கென்றே கம்பெனி கொடுத்த பம்ப், புல்லி, பிராக்கெட், வலப்புற ஹோஸ் ஆகியவற்றை ஒரே செட்டாகத் தேடட்டும். கிடைக்க ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அதுவரை 175 டயரோடு ஓட்டச் சொன்னால் வரும் பதிலும் எனக்குத் தெரியும்: ‘அது பார்க்க நல்லா இருக்காது சார்.’