வாடகை வீடும் சிற்பியின் கையும்

மருங்காபுரியில் நாம் வாடகைக்குக் குடியிருந்த வீட்டில், சுவரில் ஆணி அடிக்கலாகாது என்பதே உரிமையாளர் விதித்த முதல் நிபந்தனை. ஒரு நாட்காட்டியையும் மாட்டாமல் ஐந்து ஆண்டுகள் கழிந்தன. ஆயினும் இருட்டில் சுவிட்சு எங்கிருக்கிறது என்பதை அவர் கையைவிட நம் கையே நன்கறியும். கொரியச் சிற்பி டோ ஹோ சூவின் படைப்புகளை நாம் அணுகியது இவ்வனுபவத்தின் வழியாகவே.

சூ 1962இல் சியோலில் பிறந்தவர். 1991இல் அமெரிக்கா சென்றார். ஓவியரான தம் தந்தை மரபுமுறையில் எழுப்பிய இல்லத்தை 1999இல் மெல்லிய பட்டுத்துணியில் முழு அளவில் தைத்து, அந்தரத்தில் தொங்கவிட்டார். மடித்துப் பெட்டியில் கொண்டுசெல்லத்தக்க வீடு அது. எந்நகரில் வைக்கப்படினும் அந்நகரின் பெயரும் தலைப்பில் சேர்ந்துகொள்ளும். பின்னர் நியூயார்க்கின் மேற்கு 22ஆம் தெருவில் தாம் வாடகைக்கிருந்த வீட்டையும் அவ்வாறே தைத்தார். அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியல் தொட்டி யாவும் துணியே. பிறந்த வீட்டிற்கும் வாடகை வீட்டிற்கும் அவர் ஊசி வேற்றுமை பாராட்டவில்லை. இதை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

எனினும் இத்துணி வீடுகளில் அழகு மிகுந்துவிட்டது என்றே சொல்லவேண்டும். அங்கே ஒழுகும் மூலையில்லை. மாதம் பிறக்கையில் எழும் கலக்கமில்லை. வீடு தேடிச் சென்று, சாதியும் சாப்பாடும் விசாரிக்கப்பட்டுத் திரும்பி வந்த நம் சபையார் இந்த ஒளிபுகும் சுவர்களில் தம்மைக் காண்பாரோ? ஐயமே.

அந்த நியூயார்க் வீட்டை விட்டு நீங்கும் காலம் நெருங்கியபோது சூ செய்த வேலை வேறு வகையானது. சுவர், கதவு, குழாய் அனைத்தையும் வெள்ளைத் தாளால் போர்த்தி, சிறுவர் நாணயத்தின்மேல் தாளிட்டுத் தேய்ப்பதுபோல் வண்ணப் பென்சிலால் அங்குலம் அங்குலமாகத் தேய்த்தார். சுவரின் வெடிப்பும் திருகாணியின் தலையும் தாளில் எழுந்தன. தேய்த்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் நேசித்தலைக் குறிக்கும் சொல்லும் கொரிய எழுத்தில் ஒன்றாகிவிடும். அவ்விரண்டையும் இணைத்தே தலைப்பிட்டார். பட்டு வீட்டைவிட இப்பென்சில் வீடே மேலானதென்பது நம் துணிபு. உரிமையற்றவன் ஒரு வீட்டோடு கொள்ளும் உறவு, பிரியும் வேளையில் கையுழைப்பாக இங்கே வெளிப்படுகிறது. பட்டிலோ அது கனவாகவே நின்றுவிடுகிறது.

அலிகாரில் பிறந்த சரீனா (1937–2020) 1997இல் வெளியிட்ட ஒன்பது செதுக்கச்சுப் படங்களையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். அயலுறவுப் பணியிலிருந்த கணவரோடு நாடுநாடாக மாறியவர் அவர். வாழ்ந்த வீடுகளின் தரைப்படங்களைக் கோடுகளாக மட்டும் வரைந்தார். எந்த அறையில் அழுதார் என்று எக்கோடும் சொல்லாது. இடமாற்ற உத்தரவு வரும்போதெல்லாம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிய ஆயர் மனைவியருக்கு அக்கோடுகள் உடனே விளங்கும்.

ரோமாபுரியில் பவுல் இரண்டு வருஷம் வாடகை வீட்டில் தங்கினார் என்று சொல்லும் லூக்கா, அவ்வீட்டின் கதவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. சூவோ கதவுப் பிடியிலிருந்தே தொடங்குகிறார். 2025இல் இலண்டன் டேட் மாடர்னில் காட்சிக்கு வந்த அவருடைய படைப்பொன்றில், இலண்டன் வீட்டின் வெண்துணிச் சுவர்களில், அவர் வாழ்ந்த பல ஊர் வீடுகளின் பிடிகளும் சுவிட்சுகளும் ஊருக்கொரு நிறமாகத் தத்தம் பழைய உயரத்திலேயே தைக்கப்பட்டுள்ளன. நம் குருமனைகளில் பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் குறித்துவைப்போம். அடுத்த ஆயர் வருமுன் சேகரத்தார் வர்ணம் பூசிவிடுவார்கள்.