பறிபோன பிற்பகல்

இங்கிலாந்தின் தனியார் பெண்கள் பகல்பள்ளி 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உருப்பெற்ற அமைப்பு. 1850-இல் ஃபிரான்சஸ் மேரி பஸ் லண்டன் கேம்டனில் 35 மாணவியரோடு நார்த் லண்டன் கொலீஜியேட் பள்ளியைத் தொடங்கினார். மரியா கிரேயும் அவர் சகோதரி எமிலி ஷிரெஃபும் வேறு சிலரும் சேர்ந்து 1872-இல் நிறுவிய பெண்கள் பகல்பள்ளிக் கம்பெனி அந்த முன்மாதிரியைப் பல நகரங்களுக்குக் கொண்டு சென்றது. இன்று அது ஜிடிஎஸ்டி என்னும் அறக்கட்டளை. 1904-இல் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளி வந்தது. பதினோரு வயதில் கடுமையான நுழைவுத்தேர்வு, பெருங்கட்டணம், பல்கலைக்கழகத்தைக் குறிவைத்த படிப்பு ஆகியவை இப்பள்ளிகளின் பொது அடையாளங்கள். விடுதி கிடையாது, பள்ளி விட்டதும் மாணவி வீடு திரும்ப வேண்டும்.

2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்படுகிறது. இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்போருக்கு இப்பள்ளிகளின் சார்பில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. மதிப்பெண்ணை எந்த நல்ல பள்ளியும் பெற்றுத் தரும். தங்கள் சிறப்பு, வகுப்புக்கு வெளியே, அதாவது இசைக்குழு, நாடகம், விவாத மேடை, ரோபாட்டிக்ஸ், படகு வலித்தல் என்று விரியும் செயல்பாடுகளில் இருக்கிறது என்பதே அந்தப் பதில். தேர்வுக்குத் தயாரிக்கும் ஆலை என்ற பழியிலிருந்து தப்பிக்கவும் இதுவே கேடயம். ஆனால் பலம் என்று காட்டப்படும் இந்த இடத்தில்தான் இப்பள்ளிகளின் பெரிய கோளாறு இருக்கிறது.

நன்மைகளை மறுப்பதற்கில்லை. மேடை விளக்குகளை இயக்குவதும், டிரம் வாசிப்பதும், அணித்தலைமை ஏற்பதும், கணினி மன்றத்தை நடத்துவதும் பெண்களே. ஆண்களின் வேலை என்று எதுவும் அங்கே மிச்சமில்லை. இயற்பியல் கழகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை, அரசு இருபாலர் பள்ளி மாணவியரைவிட அரசுப் பெண்கள் பள்ளி மாணவியர் பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவலில் இயற்பியலை எடுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று காட்டியது. மறுபுறம், பாஹ்ல்கே, ஹைட், அலிசன் ஆகிய ஆய்வாளர்கள் 184 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட பகுப்பாய்வு, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் ஒருபால் கல்வியின் பயன் மிகச் சிறிது என்று முடித்தது. அந்த வழக்கு தீரவில்லை. ஆசிரியர்களின் உழைப்பும் அக்கறையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை.

கோளாறு நேரத்தைப் பற்றியது. ஃபிரான்சஸ் பஸ் நடத்திய பள்ளியிலும் கம்பெனியின் பள்ளிகளிலும் தொடக்கக் காலத்தில் பாடம் காலையில் தொடங்கி நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் முடிந்துவிடும். பிற்பகல் மாணவியுடையது, விரும்பியவர் பள்ளியில் தங்கி வீட்டுப்பாடத்தை முடிக்கலாம். படிப்பு பெண்ணின் உடலைக் கெடுக்கும் என்ற அச்சம் நிலவிய காலம் அது. 1874-இல் மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி அந்த அச்சத்தை ஓர் இதழில் கட்டுரையாகவே எழுதினார். எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அதே இதழில், அதே ஆண்டில், மருத்துவராகவே பதில் தந்தார். அரைநாள் பள்ளி என்ற ஏற்பாட்டில் இந்த எச்சரிக்கைக்கும் பங்கு உண்டு. அந்தப் பிற்பகல்கள் முழு விடுதலையாக இருந்தன என்று சொல்ல முடியாது. தையலும் விருந்தாளி உபசரிப்பும் பல பெண்களின் நேரத்தை விழுங்கின. ஆனாலும் பள்ளியின் அதிகாரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. மாணவியின் நாளில் ஒரு பகுதி யாருடைய பதிவேட்டிலும் ஏறவில்லை.

இன்று அந்த எல்லை இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட மன்றங்கள் என்ற அறிவிப்பு இப்பள்ளிகளின் விளம்பரக் கையேடுகளில் சாதாரணம். மதிய உணவு இடைவேளையிலேயே மன்றங்கள் கூடுவதால், சாப்பாட்டு வரிசையில் முந்திச் செல்ல மாணவிக்கு அனுமதிச் சீட்டு தரும் வழக்கம் உண்டு. அவள் தட்டில் பாதியை வைத்துவிட்டுப் பாடகர் குழுவுக்கு ஓடுகிறாள். பள்ளி முடிந்ததும் பயிற்சி. அதற்கும் தங்குபவர்களுக்காகத் தாமதப் பேருந்து. வீடு சேரும்போது இரவு உணவு நேரம். அதற்குப் பிறகுதான் வீட்டுப்பாடம். விடுதியில்லாத பள்ளி விடுதிப் பள்ளியின் நீண்ட நாளை எடுத்துக்கொண்டு, பயண நேரத்தையும் அதன்மேல் ஏற்றியிருக்கிறது.

நீளத்தைவிடக் கடுமையானது, அந்த நேரம் ஆவணமாக மாறும் விதம். டியூக் ஆஃப் எடின்பரோ விருதை எடுத்துக்கொள்ளலாம். 1956-இல் ஆண்களுக்காகத் தொடங்கி, 1958-இல் பெண்களுக்கும் விரிந்த திட்டம். வெண்கல நிலைக்குச் சேவை, உடற்பயிற்சி, ஒரு திறன், ஒரு நடைபயணம் ஆகிய நான்கு பகுதிகள். முதல் மூன்றும் மாதக்கணக்கில் வாரந்தோறும் நடக்க வேண்டும்; நான்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவர் மதிப்பீட்டுக் குறிப்பு எழுதித் தர வேண்டும். காட்டில் கூடாரம் போட்டுத் தூங்குவது அருமையான அனுபவம்தான். ஆனால் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்கு வாசித்துக் காட்டும் பதினான்கு வயதுப் பெண், அங்கே செலவிட்ட நேரத்துக்குக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்போது, அந்த உறவின் தன்மையே மாறிவிடுகிறது.

இசையிலும் இதே கதை. ஏபிஆர்எஸ்எம் என்ற அமைப்பு நடத்தும் இசைத் தேர்வுகள் எட்டுப் படிகள் கொண்டவை. எட்டாம் படியில் சிறப்புத் தகுதி பெற்றால் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் கணக்கில் 30 புள்ளிகள். ஏ-லெவலில் மிக உயர்ந்த தரத்துக்கு 56. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இந்தப் புள்ளிகளைப் பார்த்து இடம் தருவதில்லை. இருந்தும் படி ஏறும் பழக்கம் நிற்பதில்லை, ஏனெனில் படி எண்ணே இளம்பெண்ணின் இசை அடையாளமாகிவிட்டது. லண்டனின் ஹாரோ, வெம்பிளி பகுதிகளில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களும் இந்தச் சுழலுக்கு வெளியே இல்லை. சனிக்கிழமை பரத வகுப்பு, அந்த எடின்பரோ விருதின் திறன் பகுதியில் ஒரு பதிவாகச் சேர இடமிருக்கிறது. பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே இருந்த கலை விண்ணப்பத்துக்குரிய சாதனையாகிறது.

இவை எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது வாசிப்புக்கு நேர்ந்த கதி. பாடநூலுக்கு வெளியே ஒரு மாணவி தானாகப் படிப்பதற்கு இன்று 'சூப்பர்-கரிக்குலர்' என்று தனிப்பெயரும், பட்டியல்களும், வழிகாட்டும் ஆசிரியரும் இருக்கின்றன. தானே தேர்ந்த தலைப்பில் ஏறத்தாழ 5,000 சொற்கள் எழுதும் இபிக்யூ என்ற தகுதியில், கட்டுரையோடு ஒரு செயல்பாட்டுப் பதிவேடும் மதிப்பிடப்படுகிறது. தலைப்பை எப்போது மாற்றினாள், ஏன் மாற்றினாள், எங்கே தடுமாறினாள் என்பதை அவள் எழுதி வைக்க வேண்டும். தடுமாற்றத்துக்கும் மதிப்பெண் உண்டு. யூகாஸ் 2026 சேர்க்கையிலிருந்து விண்ணப்ப உரையை மூன்று கேள்விகளாகப் பிரித்தது. மூன்றாவது கேள்வி கல்விக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் பயனுள்ளது என்று கேட்கிறது. பயன் சொல்ல முடியாத ஆர்வத்துக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

அரசுப் பள்ளிகளிலும் இந்த விருதும் தேர்வுகளும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அங்கே பணமும் ஆளும் குறைவு. இயந்திரம் முழுவேகத்தில் ஓடுவதில்லை. கட்டணப் பெண்கள் பள்ளியில் அது பதினோரு வயதிலிருந்தே ஓடுகிறது. மேலும், அங்கே சேர்ந்திருப்பவர்கள் எதிர்பார்ப்பை நிறைவேற்றியே அந்த இடத்துக்கு வந்தவர்கள். நுழைவுத்தேர்வு அப்படிப்பட்டவர்களைத்தான் பொறுக்கி எடுக்கிறது. கட்டம் காலியாக இருந்தால் அவர்களுக்கு உறுத்தும். எல்லாம் அவர்களே விரும்பித் தேர்ந்தவை என்று பள்ளிகள் சொல்வது உண்மைக்குப் பாதித் தூரம்கூட வராது. நூறு மன்றங்களுக்கு நடுவே எதிலும் சேராமல் இருக்கும் உரிமை காகிதத்தில் இருக்கிறது. வகுப்பாசிரியர் அடுத்த சந்திப்பில் அதை ஒரு பிரச்சினையாகத்தான் எழுப்புவார்.

இதன் விலையை முதலில் கொடுப்பவள் புதிதாகத் தொடங்குபவள். பதினைந்து வயதில் வயலின் கற்க ஆசைப்படும் பெண்ணுக்கு, தேர்வு வைத்து ஆள் எடுக்கும் இசைக்குழுவில் இடமில்லை. ஏழு வயதில் தொடங்கியவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். சுமாராகச் செய்துகொண்டு, அதிலேயே மகிழ்ந்திருக்கும் அனுபவம் இப்பள்ளிகளில் அரிதாகிறது. அடுத்த விலை நட்பு. காரணமில்லாமல் இரு பெண்கள் ஒரு மதியத்தைப் பேசிக் கழிக்கும் இடம் கால அட்டவணையில் இல்லை.

வேறு மாதிரி இந்தப் பள்ளிகளின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 1905 முதல் 1934 வரை செயின்ட் பால்ஸில் இசை இயக்குநராக இருந்தவர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட். அங்கிருந்த மாணவியர் வாசிப்பதற்காகவே செயின்ட் பால்ஸ் இசைத் தொகுப்பை இயற்றினார். 1916-இல் தாக்ஸ்டெட் என்ற சிற்றூர் தேவாலயத்தில் அவர் தொடங்கிய இசைவிழாவில் அந்த மாணவியரும், மார்லி கல்லூரியில் வேலை முடிந்து படிக்க வந்த தொழிலாளரும், ஊர்ப் பாடகர்களும் சேர்ந்து பாடினார்கள். அவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். பாடியதற்குப் படியோ புள்ளியோ கிடையாது. இன்றைய பள்ளிகள் ஹோல்ஸ்டின் பெயரைப் பெருமையோடு சொல்கின்றன. அவர் செய்ததைச் செய்வதில்லை.

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் நகரத்தில் மாலை ஆறு வரை பிள்ளையைப் பாதுகாப்பாக வைத்திருப்பது பள்ளி செய்யும் உதவி என்ற வாதம் நியாயமானது. ஆனால் பாதுகாப்பாக இருக்கக் கட்டடமும் கண்பார்வையில் ஒரு பெரியவரும் போதும். மதிப்பீட்டுக் குறிப்பு தேவையில்லை. நூலகத்தைத் திறந்து வைக்கலாம். களிமண் அறையையும் பியானோ அறைகளையும் பூட்டாமல் விடலாம். வாரத்தில் இரண்டு பிற்பகல்களில் எந்த மன்றமும் கூடக்கூடாது என்று விதி செய்யலாம். தேர்வில்லாத ஓர் இசைக்குழுவை வைக்கலாம். இதற்குப் புதிய செலவு எதுவும் ஆகாது. பள்ளிகள் தயங்குவதற்குக் காரணம், இந்த நேரத்தைக் கையேட்டில் படம் போட்டுக் காட்ட முடியாது, ஆய்வுக்கு வருபவரிடம் நீட்டப் பதிவேடு இருக்காது, பருவ இறுதி அறிக்கையில் ஒரு வரிகூட எழுத இயலாது என்பதே.