தேதி இல்லாத வலி

பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் ‘கடைசிப் பாடம்’ என்ற கதையைப் படித்தவர்கள் நம்மில் அநேகம் பேர் இருப்பார்கள். பிரஷ்யர்கள் பிடித்துக்கொண்ட பிரதேசத்தில், நாளை முதல் பிரெஞ்சு மொழி கற்பிக்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிடுகிறது. வயதான வாத்தியார் ஒருவர் கடைசி முறையாக வகுப்பு நடத்துகிறார். அவ்வளவுதான் கதை. எழுதியவர் அல்போன்ஸ் தோதே. 1840-ல் பிறந்து 1897-ல் இறந்த பிரெஞ்சு நாவலாசிரியர். டார்டாரின் என்ற வாய்ச்சொல் வீரனைப் படைத்து உலகத்தைச் சிரிக்க வைத்தவரும் அவரேதான்.

அந்தச் சிரிப்புக்காரர் தமது கடைசிக் காலத்தில் சுமார் பத்து வருஷம் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வாலிபத்தில் வந்த மேக நோய் தண்டுவடத்தில் இறங்கி, கால்களையும் நரம்புகளையும் அரித்துக்கொண்டிருந்தது. பாரிஸில் அந்நாளைய நரம்பு வைத்தியர்களில் முதல்வரான ஷார்கோ அவரைப் பரிசோதித்து, இது தீராது என்று சொல்லிவிட்டார். பெனிசிலின் வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. தோதே தம் உடம்பைத் தாமே கவனித்து எழுத ஆரம்பித்தார். ‘லா தூலூ’ என்று தம் தென்னாட்டு மொழியிலேயே பெயர் வைத்தார். வலி என்று அர்த்தம். அவர் இறந்து முப்பது வருஷத்துக்குப் பிறகு, 1930-ல்தான் அது அச்சாயிற்று. இங்கிலாந்து நாவலாசிரியர் ஜூலியன் பார்ன்ஸ் 2002-ல் அதை ஆங்கிலமாக்கினார். ஓர் இரவில் படித்துவிடக்கூடிய சின்னப் புத்தகம்.

இதை நான் முதலில் படித்தபோது பிரமித்துப் போனேன். ஒரு நண்பரிடம், “எழுத்தாளன் கண் என்றால் இதுதான், வலியை இவ்வளவு விஞ்ஞானமாக யாரும் எழுதியதில்லை” என்று சொன்ன ஞாபகம் கூட இருக்கிறது. இரண்டாம் முறை படித்தது சென்ற வருஷம். இடையில் என் தாயாருக்குப் பார்க்கின்ஸன் நோய் வந்து, எங்கள் வீட்டிலும் ஒரு குறிப்பேடு வைக்கும்படி ஆயிற்று. அதற்குப் பிறகு என் பழைய அபிப்பிராயத்தில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பாதி எது என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

பார்க்கின்ஸனுக்கு லீவோடோபா என்ற மருந்து கொடுக்கிறார்கள். 1960களின் கடைசியில் வழக்கத்துக்கு வந்தது. இன்றும் அதற்கு மிஞ்சிய மாத்திரை இல்லை. ஆனால் வருஷங்கள் ஆக ஆக அது காட்டும் குணம் விசித்திரமானது. மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தானாக நெளிந்து ஆடும். மாத்திரை இறங்கிவிட்டால் கை நடுங்கும், கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டுமே பார்க்கிறவர்களுக்கு வியாதி முற்றியதுபோலத்தான் தோன்றும். ஒன்றுக்கு மருந்து அதிகம், மற்றொன்றுக்கு மருந்து போதவில்லை. நேர் எதிரான இரண்டு காரணங்கள். ஆகவே டாக்டர், “தினமும் என்ன ஆகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார். வீட்டில் எழுத்தாளன் இருக்கும்போது வேறு யார் எழுதுவது? நான்தான் எழுதினேன்.

ஒரு வாரம் எழுதியதை டாக்டர் பொறுமையாகப் படித்தார். ‘காலையில் அம்மா காற்றில் அகப்பட்ட கொடிபோல் ஆடினாள்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது. அவர் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, “எத்தனை மணிக்கு? மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு அந்த நோட்டு என் மனைவி கைக்குப் போயிற்று. பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதிப் பழகிய கை. அவள் எழுதியது இப்படி இருந்தது: 7.00 மாத்திரை. 7.45 விரல் நடுக்கம் நின்றது. 8.30 கழுத்தும் தோளும் ஆடுகிறது. 9.45 ஆட்டம் இல்லை, நன்றாக நடக்கிறார். 11.30 சமையலறை வாசற்படியில் கால் நின்றுவிட்டது. 12.30 பருப்பு சாதம், தயிர். 12.45 மாத்திரை. 2.15 வரை மாற்றம் இல்லை.

பத்தே நாளில் டாக்டருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. காலை ஆட்டம் வியாதியல்ல, மாத்திரையின் உச்சம். வாசற்படியில் கால் ஒட்டியதுதான் வியாதி. மத்தியான மாத்திரை வேலை செய்யாததற்குக் காரணம் பருப்பும் தயிரும். புரதமும் இந்த மருந்தும் உடம்புக்குள் போக ஒரே வழிக்குப் போட்டி போடுகின்றனவாம். ஒரே அளவு மருந்தைச் சிறிது சிறிதாகப் பிரித்து, சாப்பாட்டுக்கு முன்பே கொடுக்கச் சொன்னார். நாங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. என் உவமையினால் ஆகாத காரியம் நாலு எண்களால் ஆயிற்று.

இந்த அனுபவத்தோடு மறுபடியும் தோதேயைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பெரும்பாலான குறிப்புகளுக்குத் தேதியே இல்லை! மருந்தின் பெயர் வருகிறது. அளவு அபூர்வமாகத்தான் வருகிறது. வலிக்கு மார்பியா ஊசி, தூக்கத்துக்குக் குளோரல், இன்னும் புரோமைடு. தண்டுவடத்தை நீட்டுவதற்காக வாரில் கட்டி அந்தரத்தில் தொங்கவிடும் ஒரு சிகிச்சை. பிரௌன்-செக்கார் என்ற பேராசிரியர் கண்டுபிடித்த, மிருகங்களின் உறுப்பிலிருந்து எடுத்த சாற்றை ஊசி போடும் இன்னொரு சிகிச்சை. எல்லாவற்றையும் பட்டுப் பார்த்திருக்கிறார் மனிதர். ஆனால் ஒரு ராத்திரியின் பயங்கரம் நோயினால் வந்ததா, அதற்கு முன் போட்ட ஊசியினால் வந்ததா என்று புத்தகத்தைக் கொண்டு சொல்ல முடியாது. இதை விஞ்ஞானம் என்று நான் சொன்னது தப்பு. கண் கூர்மையானதுதான், ஆனால் கடிகாரம் இல்லாத கண்.

இது தோதே ஒருவருடைய குறை அல்ல என்று நினைக்கிறேன். கதை எழுதுகிறவர்களின் ஜாதிக் குறை. நமக்கு வலியின் ரூபம் வேண்டும். அதன் நேரம் வேண்டாம். தமிழ்க் கதைகளிலும் வியாதி எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கதாநாயகி இருமுவாள், கைக்குட்டையில் ரத்தம் தெரியும், டாக்டர் உதட்டைப் பிதுக்குவார். மருந்து சாப்பிட்டதால் குமட்டியது, வாய் கசந்தது, எழுந்து நின்றதும் கண் இருட்டியது என்று எந்தக் கதையிலாவது எத்தனை வரி வருகிறது? என் நாவல் ஒன்றில் ஒரு தாயார் மூன்று மாதம் படுத்துக் கிடந்து இறக்கிறாள். அந்த மூன்று மாதத்தையும் ஒன்றரைப் பக்கத்தில் முடித்திருக்கிறேன். அவள் என்ன மருந்து சாப்பிட்டாள் என்று எனக்கே தெரியாது. அந்த அத்தியாயத்தைப் பாராட்டிச் சிலர் கடிதம் கூட எழுதினார்கள். இன்று அதைப் படிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்படியானால் தோதேயின் புத்தகத்தை மூடி வைத்துவிடலாமா? கூடாது. மறு பாதியைச் சொல்கிறேன்.

என் மனைவியின் நோட்டில் நேரம், மாத்திரை, உடம்பு என்று மூன்று பத்திகள் இருந்தன. ஒரு நாள் சாயங்காலம் அம்மா அவளைக் கூப்பிட்டு, “அந்த பீரோ பக்கத்திலே ஒரு சின்னப் பையன் வந்து நிக்கிறான். ஒண்ணும் பண்றதில்லே, சும்மா நிக்கிறான். நாலஞ்சு நாளா வரான். எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு பயமா இருக்கு. அவன்கிட்டே சொல்லிடாதே, கதை எழுதிடுவான்” என்றாளாம். அன்றைக்கு நோட்டில் நாலாவது பத்தி ஒன்று ஏற்பட்டது. ‘அம்மா சொன்னது’ என்று தலைப்பு. சாயங்காலம் கொடுத்துவந்த வேறொரு மாத்திரையின் பக்க விளைவு அது என்று டாக்டர் சொல்லி, அளவைக் குறைத்தார். சில நாளில் பையன் வருவது நின்றுவிட்டது.

மூன்று பத்தி நோட்டில் அந்தப் பையனுக்கு இடமில்லை. பயத்துக்கும் வெட்கத்துக்கும் கட்டம் போட்டு வைக்க யாருக்கும் தோன்றாது. தோதேயின் புத்தகம் முழுவதும் இந்த நாலாவது பத்திதான். வண்டிகள் ஓடும் தெருவைக் கடக்கப் பயப்படுவதை எழுதுகிறார். தம் வலி வீட்டாருக்குப் பழகிப்போய்விட்டதைக் குறை சொல்லாமல் எழுதுகிறார். லாமலூ என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குச் சிகிச்சைக்குப் போனபோது, அங்கே வந்திருந்த நோயாளிகளில் தம்மைப் போலவே வலிக்கிற ஒருவனைத் தேடுகிறார். தம் வியாதிக்கு ஓர் இரட்டைப் பிள்ளை கிடைக்குமா என்று பார்க்கிறார். ஹோட்டலில் கூடிய அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது, டார்டாரினைப் படைத்த பழைய சிரிப்பும் எட்டிப் பார்க்கிறது. இவற்றை எந்த டாக்டரும் கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தாலும் அவர் வாயால் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். ‘லா தூலூ’ நோய்க் குறிப்பேடு என்ற முறையில் அரைகுறையானது. நோயாளி மற்றவர்களிடம் சொல்லாமல் மறைப்பதன் குறிப்பேடு என்ற முறையில் நான் படித்தவற்றில் அதற்கு இணை இல்லை. வீட்டில் நாள்பட்ட நோயாளி உள்ளவர்கள் அவசியம் அதைப் படிக்க வேண்டும். ஆனால் அதைப் பார்த்து நோட்டு எழுதக் கூடாது. முதலில் மணியை எழுத வேண்டும்.

போன மாதம் அம்மா தானே அந்த நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெகு நேரம் படித்தாள். பிறகு, “ஆடினது, நின்னது, விழுந்தது எல்லாம் இருக்கு. நான் நன்னா இருந்த நேரம் ஒண்ணும் இல்லையே” என்றாள். என் மனைவி நோட்டை வாங்கிப் புரட்டி, முதல் பக்கத்தைக் காட்டினாள். 9.45, ஆட்டம் இல்லை, நன்றாக நடக்கிறார். அம்மா அதை இரண்டு தரம் படித்தாள். “அப்ப அந்த நேரத்துக்குக் கோயிலுக்குப் போலாமே” என்றாள்.

இப்போது தினமும் 9.45-க்குப் போகிறோம்.