பூவா தலையா... பணம் யாருக்கு?

குறிஞ்சிப்பாடி சந்தையில் ஆயிரம் பேரை நிறுத்துங்கள். நிஜத்தில் அல்ல, கம்ப்யூட்டருக்குள். ஆளுக்கு 100 ரூபாய். குலுக்கல் முறையில் இரண்டிரண்டு பேராக வந்து காசு சுண்டவேண்டும். இருவரில் யாரிடம் பணம் குறைவோ, அவர் பணத்தில் 20 சதவிகிதம் பந்தயம். பித்தலாட்டம் கிடையாது. கடைசியில் எல்லோரிடமும் சுமாராக 100 ரூபாய் இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதான் இல்லை! ஆட்டம் நீள நீள, கிட்டத்தட்ட மொத்தப் பணமும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

கணக்கு சிம்பிள். பணக்காரரோடு மோதும் 100 ரூபாய்க்காரர் ஜெயித்தால் 120. அடுத்து தோற்றால் 24 போய், மிச்சம் 96. ஒரு வெற்றி, ஒரு தோல்வி... நாலு ரூபாய் காலி. எதிராளிக்கோ அது தூசு.

2002-ல் இந்த மாதிரி ஆட்டத்தை ஆராய்ந்தவர் அனிர்பன் சக்ரபர்த்தி. கொல்கத்தா சாஹா நிலையத்தில் படித்த இயற்பியல்காரர். பின்னால் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் புரூஸ் போகோசியன் இதில் வரியைச் சேர்த்தார். அவரவர் சொத்தில் சிறு பங்கை எடுத்து எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால், ஒரே ஆளிடம் குவிவது நின்றுவிடுகிறது.

'எல்லாம் என் மூளை' என்று காலரைத் தூக்கிவிடுகிறவர்களை அடக்க இது போதும். ஆனால், குறையும் உண்டு. இந்த ஆட்டத்தில் யாரும் உழைப்பதில்லை. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடுகிறார்கள். நிஜ ஊரில் ஒருவர் கையில் நெய்வேலி நிரந்தரச் சம்பளம். இன்னொருவர் கையில் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த நஷ்டஈடு. மூன்றாமவருக்கு நிலமே இருந்ததில்லை. சமமாகத் தொடங்கினாலே இந்தக் கதி என்றால், இவர்கள் கதி?

இன்னொரு குறை, கம்ப்யூட்டரில் சொத்தை ஒளிக்க முடியாது. விலக்கும் கிடையாது. இங்கே? பொருளாதார நிபுணர் கால்டார் யோசனைப்படி 1957-ல் 'வெல்த் டாக்ஸ்' வந்தது. 1993 முதல் கம்பெனிப் பங்குகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். 2013-14-ல் வசூல் வெறும் 1,008 கோடி ரூபாய். 'வசூல் கம்மி, செலவு ஜாஸ்தி' என்று 2015 பட்ஜெட்டில் மூடுவிழா! பதிலுக்கு, ஆண்டு வருமானம் ஒரு கோடியைத் தாண்டியவர்களுக்கு 2 சதவிகிதம் கூடுதல் சர்சார்ஜ். அது வருமானத்துக்குத்தான். குவிந்து கிடக்கும் சொத்தைத் தொடவில்லை. குடத்தில் ஓட்டையைப் போட்டுவிட்டு, 'தண்ணி நிக்கல' என்று குடத்தையே உடைத்த கதை.

வீட்டில் பி.காம். படிக்கிற பிள்ளை இருந்தால், எக்ஸெலில் இந்த ஆட்டத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் வரி இல்லாமல், பிறகு வரியோடு. அப்புறம் பட்ஜெட் உரையைக் கேளுங்கள். வேறு மாதிரி காதில் விழும்.