நையாண்டி மேளம்: எங்கே நின்று, எதைக் கேட்பது?

பங்குனி பிறந்துவிட்டால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெருவுக்குத் தெரு பந்தல்தான். மாரியம்மன் பொங்கல், காளியம்மன் பொங்கல், அவரவர் குலசாமிக்குப் பொங்கல். பந்தலுக்கு ஒரு செட் மேளம் வந்து இறங்கும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லீவு போட்டு வந்த பிள்ளைகள் சாமி கும்பிடுவார்கள், மாவிளக்குக்குப் படம் எடுப்பார்கள், மேளம் தெருமுனை திரும்பியதும் "சத்தம் தாங்கலை" என்று மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்த இடத்தில்தான். அதே பிள்ளைகளின் போனில் அயர்லாந்து நாட்டுப்புறப் பாட்டு இருக்கிறது, மாலி நாட்டு கிட்டார் இருக்கிறது. காது இல்லாதவர்கள் இல்லை. நையாண்டி மேளத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு உறுமி, தமுக்கு, தாளம். செட்டுக்குச் செட் கொஞ்சம் கூடும், குறையும். நாயனம் என்று எங்கள் பக்கம் சொல்வது நாதஸ்வரத்தைத்தான். ஆச்சா மரத்தில் கடைந்த குழல், அடியில் விரிந்த அணசு, உச்சியில் வாய்வைத்து ஊதும் சீவாளி. தவிலுக்குப் பலா மரம். வலந்தலை என்ற வலப்பக்க முகத்தில் கூடு மாட்டிய விரல்கள் விழும், தொப்பி என்ற இடப்பக்க முகத்தில் கம்பு விழும். பம்பை என்பது ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு கொட்டு. உறுமியின் ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள், இன்னொரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். இந்த மேளத்தை நம்பித்தான் கரகம் ஆடுகிறது, காவடி ஆடுகிறது, பொய்க்கால் குதிரை ஆடுகிறது. அடிப்படை இவ்வளவுதான். ராகத்தின் பெயர் தெரியவேண்டாம். தாளம் போடத் தெரியவேண்டாம்.

மேளம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். நாயனக்காரர் வாயில் சீவாளியை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாயனத்தில் நூல் கட்டி ஒரு கொத்து தொங்கும். அதில் மாற்றுச் சீவாளிகள் இருக்கும், சீவாளியின் வாயைத் திருத்துகிற ஊசி இருக்கும். ஒன்றைச் சொருகி ஊதிப் பார்ப்பார், முகம் சுளிப்பார், கழற்றுவார், இன்னொன்றை எடுப்பார், ஊசியை விட்டு லேசாகத் திறப்பார், மறுபடி ஊதுவார். பக்கத்தில் தவில்காரர் விரலில் கூடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். இப்படி நேரம் எடுத்துக்கொள்கிற செட் கிடைத்தால் அன்றைக்கு உங்களுக்கு யோகம். வந்து இறங்கியதும் மைக் கேட்கிற செட் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம். நாயனத்துக்கு மைக் எதற்கு? கோயில் வாசலில் ஊதினால் ஊருக்கே கேட்பதற்கென்று செய்த கருவி அது.

கேட்க ஆரம்பிக்கும்போது நாயனத்தை விட்டுவிடுங்கள். உறுமியைப் பிடியுங்கள். எல்லாக் கொட்டுச் சத்தத்துக்கும் அடியில் "உம்ம்" என்று இழுத்துக்கொண்டு ஒன்று போகிறதே, அதுதான். கொட்டு என்றால் அடித்ததும் ஒலி செத்துவிடும். உறுமி சாகாது. தேய்க்கிற வரை அது ஏறும், இறங்கும், முனகும். சாமியாடியின் உடம்பில் முதல் நடுக்கம் வருவது பெரும்பாலும் அந்த இழுப்பில்தான். அதன் பிறகு பம்பைக்கு வாருங்கள், பிறகு தவிலுக்கு. நாயனம் தானாக வந்து சேரும்.

இனிமேல்தான் நான் சொல்லவந்த விஷயம். இந்த மேளத்தில் நாயனம் வாசிப்பது இரண்டு வகை. ஒன்று, பாட்டை வாசிப்பது. இன்னொன்று, மேளத்துக்கு வாசிப்பது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். பிடிபடாவிட்டால் வருஷம் முழுக்க மேளத்துக்குப் பின்னால் நடந்தாலும் பிரயோஜனமில்லை.

பாட்டை வாசிக்கிறவர் என்ன செய்கிறார்? கூட்டம் ஒரு சினிமாப் பாட்டைக் கேட்கிறது. அவர் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பாடகர் பாடிய ஒவ்வொரு எழுத்தையும் வாசிக்கிறார். இடையில் வயலின் வந்த இடத்தில் வயலினையும் வாசிக்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. பாட்டை அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷத்தில் தட்டுகிற கை அது. அந்த நேரம் தவில்காரர் முகத்தைப் பாருங்கள். காலம் மட்டும் போட்டுக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். பம்பைக்காரருக்கு அங்கே வேலையே இல்லை.

மேளத்துக்கு வாசிக்கிறவரும் அதே சினிமாப் பாட்டை எடுக்கலாம். சினிமாப் பாட்டு வாசித்தாலே தரம் தாழ்ந்துவிட்டது என்று சொல்லும் சுத்தக்காரர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அவர் எடுப்பது பல்லவியில் ஒரு வரி. அதை முழுதாக ஒரு தடவை வாசிப்பார். இரண்டாவது தடவை கடைசிச் சொல்லை விட்டுவிடுவார், அந்த இடம் பம்பைக்கு. பம்பை அதை நிரப்பும். அடுத்த தடவை பாதி வரியிலேயே நிறுத்துவார், தவில் மீதியைச் சொல்லும். பிறகு ஒற்றைச் சொல், பிறகு ஒற்றை ஸ்வரம். வரி சுருங்கச் சுருங்க மேளம் விரியும். கரகாட்டக்காரர் கால் அதற்குள் வேகம் பிடித்துவிடும். கடைசியில் தவில் ஒரு தீர்மானம், அதாவது முடிப்புக் கோவை, வைத்து நிறுத்தும்போது, அது என்ன பாட்டு என்று கேட்டால் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. இருக்கவும் வேண்டாம்.

இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு நாயனமும் கைமாறுகிற இடத்தை. பாட்டை வாசிக்கிற செட்டில் இவர் முடிப்பார், அவர் தொடங்குவார். நடுவில் ஒரு நூலிழை காலியிருக்கும். மேளத்துக்கு வாசிக்கிற செட்டில் அது இருக்காது. முதல் ஆள் வரியின் வாலுக்கு வரும்போதே இரண்டாம் ஆள் சீவாளியை உதட்டில் வைத்துவிடுவார். வாலை இரண்டு பேரும் சேர்ந்து ஊதுவார்கள், முதல் ஆள் மூச்சுக்கு விலகுவார், இரண்டாம் ஆள் அதே மூச்சில் அடுத்த வரிக்குள் போய்விடுவார். எங்கே கைமாறியது என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தெரியக்கூடாது. ஜோடி சேர்ந்து பல வருஷம் வாசித்தவர்களுக்குத்தான் இது கைகூடும். அண்ணன் தம்பி, மாமன் மருமகன் ஜோடிகளில் நான் இதை அதிகம் கேட்டிருக்கிறேன். இந்த வால் இடத்தைப் பற்றி ஒரு விமரிசகர் ஒரு வரி எழுதி நான் படித்ததில்லை. நாதஸ்வரம் என்றால் அவர்களுக்கு ஆலாபனை, சபா, டிசம்பர். காருகுறிச்சி அருணாசலத்தோடு (1921–1964) எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒரு பெருமூச்சு. 'கொஞ்சும் சலங்கை' படத்தில் அவர் வாசித்த ஆபேரி ராகத்தை நானும் உயிராகக் கேட்கிறேன். கோவில்பட்டி பக்கம் போகும்போது அவர் சிலையை நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். ஆனால் அந்த ஆபேரிக்குத் தலையாட்டிய கரிசல்காட்டுச் சனத்தின் காதைத் தயார்செய்ததில் பொங்கலுக்குப் பொங்கல் தெருவில் வாசித்த மேளத்துக்குப் பங்கில்லையா?

இந்த வித்தியாசத்தைப் பழகிக்கொள்ள மிக நல்ல மெட்டு காவடிச்சிந்து. அதை எழுதிய அண்ணாமலை ரெட்டியார் சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கழுகுமலை முருகன்மேல் பாடியது. கழுகுமலைக்குக் காவடி சுமந்து நடக்கிறவர்களின் காலுக்கேற்ற நடை அது. தகிட தகிட என்று மும்மூன்றாக விழும். பாட்டை வாசிக்கிறவர் அதை வழவழவென்று இழுத்துவிடுவார். மேளத்துக்கு வாசிக்கிறவரிடம் அந்த மூன்றும் தனித்தனியாகத் தரையில் விழும். உங்கள் குதிகால் தானாக எழும்பினால் அவர் சரியாக வாசிக்கிறார் என்று அர்த்தம். வேறு பரீட்சை வேண்டாம்.

நான் சொல்வது எங்கள் ஊர்ப் பெருமை என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு தூரதேசத்து உதாரணம் சொல்கிறேன். பிரான்சின் மேற்குக் கோடியில் பிரிட்டனி என்று ஒரு பகுதி. அங்கே பம்பார்ட் என்று குட்டையான ஒரு குழல் இருக்கிறது. அதற்கும் இரட்டை நாணல் சீவாளிதான், அதுவும் வெட்டவெளிக்குப் பிறந்த சத்தம்தான். அதன் ஜோடி பினியூ, தோல்பை வைத்த ஊதுகுழல், ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பது. பம்பார்ட்டுக்கு மூச்சு ஏராளமாக வேண்டும். அதனால் அதை ஊதுகிறவர் ஒரு வரி ஊதிவிட்டு வாயை எடுப்பார், பினியூ அதே வரியைத் திருப்பிச் சொல்லும், அது முடிவதற்குள் பம்பார்ட் வந்து ஒட்டிக்கொள்ளும். வாய்ப்பாட்டிலும் அப்படியே. இரண்டு பேர் பாடும் 'கான் ஹா டிஸ்கான்' முறையில் முதல் ஆளின் கடைசி அசைகளிலேயே இரண்டாம் ஆள் சேர்ந்துகொள்வார். சுற்றி விரல் கோத்து வளையமாக ஆடிக்கொண்டிருப்பவர்களின் கால் நிற்கக்கூடாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கடல் தாண்டி நம் வால் இடம்!

அந்த ஊரிலும் ஒரு காலம் இந்த இசை மங்கிப்போனது. 1950களில் லோயிஸ் ரொபார் போன்றவர்கள் ஃபெஸ்ட் நோஸ் என்ற இரவுக் கூட்டத்துக்குப் புது உயிர் கொடுத்தார்கள். 2012இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது ஏறியது. புதிதாக வருகிறவர் அங்கே எப்படிப் பழகுகிறார் என்பதுதான் நமக்கு முக்கியம். தெரிந்தவர்களின் விரலைப் பிடித்து வளையத்துக்குள் நுழைந்துவிடுகிறார். கால் பழகிய பிறகு காது பழகுகிறது. நம் ஊரில் முளைப்பாரிக் கும்மி வளையம் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. இப்போது அந்த வளையத்தைச் சுற்றி நின்று படம் பிடிக்கிறவர்கள்தான் அதிகம்.

நம் பக்கத்து நாகரிகத்துக்கு வருகிறேன். கல்யாணமா, செண்டை மேளம். கட்சி ஊர்வலமா, செண்டை மேளம். மாரியம்மன் பொங்கலுக்குக்கூட இப்போது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேன் வைத்துச் செண்டையைக் கூட்டி வருகிறார்கள். கேரளக் கோயிலில் மணிக்கணக்காகக் கட்டியெழுப்பும் பஞ்சாரி மேளத்தின் கம்பீரம் எனக்கும் தெரியும். இங்கே வருவது அதுவல்ல. ஒரே மாதிரி வேட்டி கட்டிய இருபது பேர் ஒரே மாதிரி குனிந்து நிமிர்ந்து வாசிக்கிற பத்து நிமிஷச் சரக்கு. வீடியோவில் அழகாக விழுகிறது, அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. உள்ளூரில் ஒரு செட் மேளம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இதற்குப் பணத்தை அள்ளிக் கொடுப்பது ரசனைக் கேடு என்றுதான் சொல்வேன்.

அரசு விழா மேடைகள் இன்னொரு வகை. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் நல்ல காரியம், கலைஞர்களுக்கு வேலையும் மரியாதையும் கொடுத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மேடையில் கிடைப்பது சில நிமிஷம். வரி சுருங்கி மேளம் விரிவதற்கு அந்த நேரம் போதாது. நகரத்தில் அதை மட்டும் பார்த்துவிட்டு "நாட்டுப்புற எனர்ஜி" என்று எழுதுகிறவர்கள் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிட்டவர்கள். கரகாட்டம் என்றாலே ஆபாசம் என்று மூக்கைப் பிடிக்கிறவர்களுக்கும் இதே பதில்தான். நீங்கள் கால்வாசி நேரம்கூட நிற்கவில்லை.

சரி, நமக்குள் இருக்கட்டும், எங்கே போகலாம் என்று சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பங்குனிப் பூக்குழித் திருவிழா முதல் இடம். குழி இறங்குகிற நாள் வேண்டாம், அன்று கூட்டத்தில் ஒன்றும் கேட்காது. அதற்கு முந்தைய நாட்களில் தெருக்களில் அலையுங்கள். ஆடி கடைசி வெள்ளியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில். அங்கே அக்கினிச்சட்டி எடுத்து வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மேளம் வரும், ஒரே நாளில் பல செட்களை ஒப்பிடலாம். ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில், பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை. முதல் தடவையாக இருந்தால் கூட்டம் பெருகுமுன் போய், இரண்டு நாயனக்காரர்களின் உதடும் தெரிகிற மாதிரி எதிரே நில்லுங்கள். தவிலுக்கு நேர் எதிரே நின்றால் காது அடைத்துவிடும், ஓரமாக நில்லுங்கள். கைமாறும் இடத்தை முதலில் கண்ணால் பிடித்துக்கொண்டால் பிறகு காது பிடித்துக்கொள்ளும்.

வரி ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து ரூபாய் நோட்டை நாயனக்காரர் சட்டையில் குத்தாதீர்கள். ஐந்து நிமிஷமாகக் கட்டி வந்தது அதில் உடைந்துபோகும். தவில் தீர்மானம் வைத்து நிற்கட்டும், அப்போது போய்க் கையில் கொடுங்கள், "அண்ணே, காவடிச்சிந்து கொஞ்சம் வாசிங்கண்ணே" என்று கேளுங்கள். சினிமாப் பாட்டுக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர் உங்களை ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். அதற்கப்புறம் வாசிப்பதை விட்டுவிடாமல் நின்று கேளுங்கள்.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மேளம் பேசும்போது "ஒரு செட்" என்று பொத்தாம்பொதுவாகப் பேசி முடிக்காதீர்கள். ரெண்டு நாயனம், ரெண்டு தவில், பம்பை, உறுமி என்று ஆளைச் சொல்லி அட்வான்ஸ் கொடுங்கள். தொகையைக் குறைத்துப் பேசினால் முதலில் வேனில் ஏறாமல் போகிறவர் உறுமிக்காரர். அடுத்தது இரண்டாவது நாயனம்.