கொன்றவனின் கையறுநிலை

தலைவன் மாய்ந்தவழி அவனைச் சார்ந்தோர் செயலற்று இரங்குதலைக் கையறுநிலை என்று புறப்பொருள் இலக்கணம் வகுத்துள்ளது. இறந்தவன் தமக்கு அளித்தவற்றை எண்ணிக் கூறுதல் அத்துறைப் பாடல்களில் பயின்று வருவதாகும். இவ்விரங்கலைக் கொன்றவனே கூறுமாறு ஒரு சமுதாயம் விதித்தால் என்னாகும்? அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட 'டியூன்' என்னும் நாவலில் அத்தகைய சடங்கு ஒன்று அமைந்துள்ளது. அந்நூலைப் பற்றிய பேச்சுக்களில் பெரும்பாலன அதன் அரசியலையும் மணற்புழுக்களையுமே சுற்றி வருகின்றன. எம் கருத்தில், நூலின் உயிர்நிலை இச்சடங்கிலேயே உள்ளது.

அராக்கிஸ் என்னும் பாலைக் கோளில் வாழும் பிரெமன் மக்கள் ஆசிரியரின் கற்பனை. கோள்விட்டுக் கோள் அலைந்த நாடோடிகளின் வழிவந்தோராக அவர்களைப் படைத்துள்ளார். அவர்களுக்குக் குகைக் குடியிருப்புக்கள் உண்டெனினும், கூட்டமாக மணல்வெளி கடந்து செல்லும் வழிநடையே அவர்தம் வாழ்வை உருவாக்குகிறது. அரபு நாட்டுப் பதூயின் மக்களின் சாயலும் அரபுச் சொற்களும் அவர்களிடம் வெளிப்படையாகவே காணப்படுகின்றன.

ஜாமிஸ் என்னும் பிரெமன் வீரன், புதிதாக வந்த பவுல் என்னும் இளைஞனைத் தனிப்போருக்கு இழுத்து மடிகிறான். பவுல் கொன்ற முதல் மனிதன் அவனே. போர் முடிந்தபின் இறந்தவன் உடைமைகள் குவித்து வைக்கப்படுகின்றன. தலைவன் ஸ்டில்கார் முதலாக ஒவ்வொருவரும் எழுந்து, தாம் ஜாமிசின் நண்பர் எனக் கூறி, அவன் செய்த உதவி ஒன்றைச் சொல்லி, ஒரு பொருளை எடுத்துக்கொள்கின்றனர். இறந்தவன் உடலிலிருந்து பெற்ற நீர், ஏறத்தாழ 33 லிட்டர், துளியும் பிசகாமல் அளக்கப்படுகிறது. உடல் ஈரத்தை மீட்டுத்தரும் ஆடையைக் களைந்துவிட்டுப் போர் செய்தவன் தன் நீரை இழந்திருப்பான் ஆதலின், அந்நீர் வென்றவனுக்கு உரியதாகிறது.

புதிய குலங்களைப் படைக்கும் ஆசிரியர் பலர் முரசும் முகமூடியும் விளங்காத மந்திரமும் சேர்த்துச் சடங்கு என்று பெயரிடுவர். அவற்றை நீக்கினாலும் கதைக்கு இழுக்கு நேராது. இங்கோ நிலை வேறு. இச்சடங்கு பற்றாக்குறையிலிருந்து பிறந்தது. நீர்க்கணக்கை நீக்கினால் சடங்கே சரிந்துவிடும். பாலையில் உடன் செல்லும் சிறு கூட்டம் குருதிப்பகையைச் சுமந்து நெடுந்தூரம் நடக்க இயலாது என்பதும் கருதத்தக்கது. ஆதலின் நண்பன் என்னும் அச்சொல்லைப் பொய் என்று தள்ளுதல் பொருந்தாது. அது உள்ளத்தில் இருப்பதை அறிவிக்கும் கூற்றன்று. சொல்பவன் இனி நிற்க வேண்டிய இடத்தை வரையறுக்கும் கூற்று.

பவுலுக்கு ஜாமிஸ் அளித்தது யாதும் இல்லை. ஆயினும் முறை வந்தபோது அவனும் எழுகிறான். கொல்பவன் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும் என்பதைத் தனக்குக் கற்பித்தவன் ஜாமிஸ் என்கிறான். நரம்பிசைக் கருவி ஒன்றை எடுத்துக்கொள்கிறான். கொடை கூறவேண்டிய இடத்தில் தன் குற்றத்தையே கொடையாகக் கூறும் இவ்விடம் மிக நுட்பமானது. சடங்கின் வடிவம் பிறழவில்லை. ஆனால் அதனுள் இதுவரை இல்லாத உண்மை ஒன்று புகுந்துவிட்டது. உடன் அவன் கண்ணீர் வடிக்கிறான். நீரை வீணாக்காத மக்கள் திகைக்கின்றனர். இறந்தவனுக்கு ஈரம் ஈந்தான் என்று வியந்து, அவன் கன்னத்தையும் தொட்டுப் பார்க்கின்றனர்.

இக்கண்ணீர் கதைத்தலைவனை உயர்த்துவதற்குச் செய்த உத்தி என்று கூறுவார்க்கு முழுதும் மறுப்புரைக்க இயலாது. எனினும் ஒரு சிறுவனின் துயரத்தை மக்கள் அருட்குறியாகப் பிழைபட உணர்கின்றனர் என்பதை ஆசிரியர் அறிந்தே எழுதியுள்ளார். அத்தகைய பிழையுணர்வு கோள்களெங்கும் போராக விரிந்ததன் விளைவை 1969-இல் வந்த அடுத்த நாவலாகிய 'டியூன் மெசையா' காட்டுகிறது.

எம் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. இறந்தவன் மனைவி ஹாரா இச்சடங்கில் இல்லை. அவள் தொலைவில் உள்ள குடியிருப்பில் இருக்கிறாள். பவுல் அங்குச் சென்றதும், மனைவியாகவோ பணிப்பெண்ணாகவோ அவளை ஏற்கும் பொறுப்பு மரபுப்படி அவன்மேல் விழுகிறது. அவளுடைய மைந்தர் இருவரும் அவன் பொறுப்பாகின்றனர். மூத்தவன் அவளுடைய முன்னைக் கணவனுக்குப் பிறந்தவன். அக்கணவனையும் இவ்வாறே போரில் கொன்றவன் ஜாமிஸ். இரண்டு முறை கைம்மை எய்திய அவளிடம், கணவனுக்காக வருந்தவில்லையா என்று பவுல் வினவுகிறான். இரங்கற்குரிய காலம் வரும்போது இரங்குவேன் என்பது அவள் விடை. காலமல்லாக் காலத்தில் கண்ணீர் விட்டவனுக்கு அம்மக்களின் வியப்புக் கிட்டியது. காலம் பார்த்துக் காத்திருந்தவளின் இரங்கல்மொழியை ஆசிரியர் நமக்குக் கேட்பிக்கவே இல்லை.