கிங்ஸ்டன் நூலில் மரபும் பாடவேறுபாடும்

குடியேறியோர் வழிவந்த பெண்பாற் படைப்பாளர் மரபுக் கதைகளைத் திரிக்கின்றனர் என்னும் குற்றச்சாட்டு ஆராயத்தக்கது. சீனத்திலிருந்து குடியேறிய பெற்றோர்க்குக் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் 1940-இல் பிறந்த மாக்சின் ஹாங் கிங்ஸ்டன், 1976-இல் வெளியிட்ட ‘தி வுமன் வாரியர்’ என்னும் நூலை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

தந்தைக்காக ஆண்கோலம் பூண்டு போர்மேற் சென்ற முலான் கதை சீனர் நன்கறிந்தது. கிங்ஸ்டன் கூறுமிடத்தோ, பெற்றோர் அவள் முதுகில் பழிதீர்க்க வேண்டுவனவற்றை எழுத்தாகக் கீறுகின்றனர். முதுகில் எழுத்துப் பொறித்த செய்தி, சோங் அரசர் காலத்துப் படைத்தலைவன் யுவே ஃபெய்க்கு உரியது. இக்கலப்பைப் போலி எனப் பிராங்க் சின் 1991-இல் கடிந்தார். தன்வரலாறாக வெளிவந்த நூலாதலின், அவர் கண்டனம் புறக்கணிக்கத்தக்கதன்று.

எனினும், அந்நூலின் கதைசொல்லி மரபை ஏட்டில் கற்றவள் அல்லள், தாய்வாய்க் கேட்டவள். கிணற்றில் வீழ்ந்து மாண்ட அத்தையின் கதையைக் கூறும் தாய், அதனைப் பிறர்க்குரைத்தலை விலக்குகிறாள். அத்தையின் பெயரையும் கூறினாள் அல்லள். எஞ்சியதை மகளே உய்த்துணர்ந்து நிரப்புகிறாள்.

பாடவேறுபாட்டை வழுவென ஒதுக்காது, ஏடு வந்த வழியைக் காட்டும் சான்றாகக் கொள்வது நம் பதிப்பாசிரியர் நெறி. அதனுள்ளும் கைப்பிழை வேறு, கருதிச் செய்த மாற்றம் வேறு. ஆண்மகன் முதுகின் எழுத்தைப் பெண்மகள் முதுகிற்கு உரித்தாக்கியது பின்னதாம். குடியேறியோர் மகளுக்குப் பண்பாடு முழுமையாகக் கைவரும் செல்வமன்று. சிதைந்து வந்ததிலிருந்து அவளே அமைத்துக்கொள்வது. ஆதலின் இந்நூலைச் சீன மரபுக்கு மூலமாகக் கொள்ளுதல் தவறு. அம்மரபு கடல்கடந்து பெற்ற பாடமாகக் கொள்ளுதலே பொருத்தமுடைத்து என்பது எம் துணிபு.